நாலு பெட்டியும் ஒரு மாமாவும்

என் தங்கையின் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்குக் கால் மணி நேரம் தாமதமானதற்கு மஞ்சள்தான் காரணம் என்று எங்கள் உறவில் பலர் இன்றுவரை நம்புகிறார்கள். மஞ்சள் நிரபராதி. இத்தனை வருடமாக அது சுமந்த பழியை இப்போது நான் வாங்கிக்கொள்கிறேன். எனக்குத் தலை நரைத்துவிட்டது, இனிமேல் யாரும் என் காதைத் திருக மாட்டார்கள் என்ற தைரியம்தான்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. எண்பதுகளின் தொடக்கம். இலங்கையில், ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்தோம். தோட்டப் பாடசாலையில் கீழ் வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம். கொழும்பிலிருந்து தபாலில் வரும் ரேடியோ பாடமும் படித்தேன். மாதத்துக்கு ஒன்றாக மொத்தம் பன்னிரண்டு பாடங்கள். ஆறாவது வந்தது. அதற்கு அடுத்த மாதம் எட்டாவது வந்தது. ஏழாவது வரவே இல்லை. நமக்கு இருக்கிற அறிவுக்கு ஒரு பாடம் குறைந்தால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நான் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. ஆறு பாடம் முடிவதற்குள்ளேயே எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ரேடியோக்களையெல்லாம் திறந்து பார்த்துவிட்டேன். திறந்ததில் பாதியை மறுபடி மூடினேன். மூடியதில் பாதி பாடியது. (மீதியைப் பற்றி இங்கே பேச வேண்டாம். அந்த வீட்டுக்காரர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.)

பரீட்சை எழுதாமலே படிப்பை விட்டிருந்த தங்கை பத்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சந்திரன், கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அமைதியான ஆள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை. அவருடைய அண்ணன் வர முடியாது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேளம் தயாராக நிற்கலாம், பூசாரி மந்திரத்தை முடித்துவிடலாம், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிடலாம். ஆனாலும் பெண்ணின் தாய்மாமன் எழுந்து நின்று "கட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் முடிச்சு விழும். அம்மாவுக்குத் தாலி கட்டும்போது அவருடைய மாமன் சொன்னார். பத்மாவுக்குச் சொல்லவேண்டிய மாமா இந்தியாவில் இருந்தார்.

அம்மாவும் மாமாவும் ஒரே லயத்தில், ஒரே காம்பரா அறையில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒரே கருவேப்பிலைச் செடியில் இலை கிள்ளியவர்கள். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்தபோது அம்மாவுக்கு இந்த நாடு கிடைத்தது, மாமாவுக்கு அந்த நாடு கிடைத்தது. மாமா ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறிய அன்று அம்மா அழவில்லை. ரயில் போன பிறகு மாமாவின் கம்பளிப் போர்வை எங்கள் கையிலேயே இருந்துவிட்டதைப் பார்த்துத்தான் அழுதார். திருச்சிப் பக்கம் அந்தக் கம்பளிக்கு வேலையில்லை என்று மாமா வேண்டுமென்றே விட்டுப் போனாராம். அது பிறகு கடிதத்தில்தான் தெரிந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் இந்தியா போய்த் திரும்பிய ஹட்டன் கடைக்காரர் ஒருவர் மூலம் மாமாவின் சீர் வந்து சேர்ந்தது. பத்மாவுக்கு ஒரு பட்டுப் புடவை, ஒரு சின்ன வெள்ளிக் குங்குமச் சிமிழ், ஒரு கேசட். கூடவே நாலு வரிக் கடிதம். நான் வர முடியாது, என் குரல் வருகிறது, அதைப் போட்டுவிட்டுத் தாலி கட்டுங்கள் என்று எழுதியிருந்தார்.

அம்மா கடிதத்தை என்னிடம் மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"தம்பி, நீ ரேடியோ படிக்கிற புள்ள. அண்ணன் பேசுறது கோயில் பூரா கேக்கணும். கடைசில ஒக்காந்திருக்கவங்களுக்கும் கேக்கணும். செய்வியா?"

"அம்மா, கடைசியில உள்ளவங்களுக்கு மட்டுமில்ல, நாலு பக்கமும் கேக்கும். மாமா நடுவுல நின்னு பேசுற மாதிரியே இருக்கும்" என்றேன்.

இந்த இடத்தில் என் வாயில் யாராவது ஒரு கொழுக்கட்டையை வைத்து அடைத்திருக்க வேண்டும். நாலு பக்கச் சத்தம் என்பதை நான் கேட்டதுகூட இல்லை. ஹட்டனில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் படம் பார்த்திருந்தேன். அதில் ஒரு வெள்ளைக்காரர் சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். முன்னால் இரண்டு ஸ்பீக்கர், பின்னால் இரண்டு ஸ்பீக்கர், முகத்தில் அப்படியொரு நிம்மதி. அந்த நிம்மதியை எங்கள் தோட்டத்து ஜனங்களுக்கும் கொடுத்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன்.

சாமான்கள் சேர்ந்த கதையே ஒரு தனிக் கூத்து. முன்பக்க ஸ்பீக்கர் இரண்டும் எங்கள் வீட்டிலேயே இருந்தன. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில் ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் பங்களாச் சாமான்களை விட்டுப் போனார். ரேடியோவும் இசைத்தட்டும் பாடுகிற ரேடியோகிராமைத் தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கர் எடுத்துக்கொண்டார். அதோடு வந்த இரண்டு மரப் பெட்டிகள் அவர் வீட்டு வாசலில் நுழையவில்லை. அவை கங்காணியான என் அப்பாவுக்கு வந்தன. எட்டு வருடம் ஒரு பெட்டியின் மேல் தண்ணீர்க் குடம் இருந்தது. மற்றதில் அப்பா காலையில் பெரட்டுக்கு ஆள் எண்ணப் போகுமுன் உட்கார்ந்து செருப்பு மாட்டுவார். அது பாடக்கூடிய பெட்டி என்பதே எங்களில் பலருக்கு மறந்துவிட்டது. உள்ளே ஒன்றின் காகிதக் கூம்பை எலி கடித்திருந்தது. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் காகிதத்தைக் கஞ்சிப் பசையால் ஒட்டிச் சரி செய்தேன்.

பின்பக்கத்துக்கு வேண்டிய இரண்டையும் என் கூட்டாளி அந்தோணி கொண்டுவந்தான். அவன் ஹட்டனில் ஒரு கராஜில் வேலை செய்தான். சிவனொளிபாத மலைச் சீசனுக்கு நல்லதண்ணி ஓடிக் களைத்துப்போன பஸ் ஒன்றை அங்கே பிரித்துப் போட்டிருந்தார்கள். அதன் கூரையில் இருந்த ஸ்பீக்கர்கள் அவை. பலகை அடித்து அவற்றுக்கும் பெட்டி செய்தோம். ஆம்ப்ளிஃபயரும் அந்தோணி உபயம்தான். அவனுடைய அக்கா குவைத்திலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோ கேசட் செட். கப்பலில் வரும்போது அதன் சொந்த ஸ்பீக்கர்கள் இரண்டும் நசுங்கிப்போக, வாயில்லாப் பிள்ளையாக அவன் வீட்டு அலுமாரியில் கிடந்தது.

இனிமேல் பொருத்தம் பார்க்கிற வேலை. கல்யாணத்தில் மட்டுமில்லை, ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். எட்டாம் பாடம் அதைத்தான் சொன்னது. ஸ்பீக்கரின் பின்னால் ஓம் என்று ஓர் இலக்கம் இருக்கும். மின்சாரத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு. செட்டில் எழுதியிருப்பதைவிட அது குறைந்தால் செட் சூடாகிச் செத்துவிடும். குவைத் செட்டின் பின்னால் 8 என்று இருந்தது. துரையின் பெட்டிகளில் 4. பஸ் ஸ்பீக்கரிலும் 4.

கணக்கு வாத்தியாருக்கு இதைவிடச் சுலபமான கணக்கு கிடைக்குமா? நாலும் நாலும் எட்டு. ஒன்றன் பின் ஒன்றாக இரண்டைக் கோர்த்துவிட்டால் பொருத்தம் சரி. ஆனால் எதை எதோடு கோர்ப்பது? நான் யோசித்தேன். துரை பெட்டி கொஞ்சம் கொடுத்தாலே முழங்கும். பஸ் பெட்டி எவ்வளவு கொடுத்தாலும் முனகும். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் ஒத்துவராது என்று தோன்றியது. துரை பெட்டிக்குத் துரை பெட்டி, பஸ் பெட்டிக்குப் பஸ் பெட்டி. துரை வீட்டுப் பெட்டிகள் இரண்டையும் ஒன்றோடொன்று கோர்த்து, ஒரு நுனியைச் செட்டின் இடப்பக்கச் சிவப்பு ஓட்டையிலும் மறு நுனியை வலப்பக்கச் சிவப்பு ஓட்டையிலும் மாட்டினேன். பஸ் பெட்டிகளுக்கும் அப்படியே செய்தேன். சிவப்புக்கு ஜோடியான கறுப்பு ஓட்டைகள் இரண்டும் வெறுமனே இருந்தன. கம்பி பாதிதான் செலவானது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். கல்யாணத் தரகர்கள் சாதி பார்த்துச் சேர்ப்பதைப் பாடசாலையில் திட்டுகிறவன், ஸ்பீக்கர் விஷயத்தில் அதையே செய்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் கோயில் மண்டபத்தில் பரீட்சை. திருவிழாவுக்காகத் தொழிற்சாலையிலிருந்து இழுத்த கரண்ட் லைன் அங்கே இருந்தது. ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டேன். ஐயோ, என்னவென்று சொல்வேன்! வயலின் ஒரு மூலையில் எழுந்து கூரையைச் சுற்றியது. புல்லாங்குழல் முதுகுக்குப் பின்னால் வந்தது. மண்டபமே அகன்றுவிட்டது போல இருந்தது. எனக்குப் புல்லரித்தது.

அந்தோணி தலையைச் சாய்த்துக் கேட்டான். "மச்சான், எல்லாம் ஷோக்காத்தான் இருக்கு. பாடுறவரு எங்கடா?"

நானும் கேட்டுப் பார்த்தேன். பாடகர் மலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ நின்று முணுமுணுப்பது போல இருந்தது.

"அதுதாண்டா நாலு பக்கச் சத்தம். பாடுறவரு தூரத்துல இருந்து வருவாரு" என்றேன். எப்படித்தான் அவ்வளவு தைரியமாகச் சொன்னேனோ தெரியவில்லை.

"மாமா கேசட்டையும் ஒருக்கா போட்டுப் பாத்துருவோமே" என்றான் அந்தோணி. நல்ல யோசனை. அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"நல்லாருக்குடா! சீர் சாமான முகூர்த்தத்துக்கு முன்னால எடுத்துப் பொழங்குவாங்களா? எங்க அண்ணன் சத்தம் மொதமொதல்ல மணவறையிலதான் கேக்கணும்" என்றார் அம்மா. கேசட்டை வெற்றிலை, தேங்காய், புடவையோடு சீர்த் தட்டில் வைத்திருந்தார். சீர்த் தட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் வைப்பது போல அதற்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது.

விடிந்தது. மண்டபம் நிறைந்தது. எங்கள் தோட்டமும் கொட்டகலையிலிருந்து வந்த லொறியும் சேர்ந்து நிற்க இடமில்லை. மணவறைக்கு இரண்டு பக்கமும் துரை பெட்டிகள். மாப்பிள்ளையின் முழங்கைக்கு எட்டும் தூரத்தில் ஒன்று. பின் மூலைகளில் பஸ் பெட்டிகள். நான் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, விமானம் ஓட்டப் போகிறவன் மாதிரி செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

பூசாரி மந்திரத்தை முடித்தார். சந்திரன் தாலியை எடுத்தார். அம்மா சீர்த் தட்டைக் கொண்டுவந்து, கேசட்டை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் தந்தார். சபை அமைதியானது. கைக்குழந்தைகள்கூட அழவில்லை.

கேசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

"உஸ்ஸ்ஸ்" என்றது.

ஆரம்பத்தில் கொஞ்சம் வெறுமையாக இருக்கும் என்று காத்திருந்தோம். உஸ்ஸ்ஸ். சத்தத்தைக் கூட்டினேன். உஸ் பெரிதானது. இன்னும் கூட்டினேன். மழை பெய்கிறது என்று நினைத்து வாசலில் நின்ற ஒருவர் வெளியே எட்டிப் பார்த்தார். நாலு பக்கமும், சொன்னபடியே, நாலு பக்கமும் உஸ்தான் கேட்டது.

"என்னாங்கடா, மாமா மூச்சு விடுறாரா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். சிரிப்பு கிளம்பியது. எனக்குக் காது சுட்டது. கேசட்டைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் அதே மழை. எடுத்து உதறினேன், துடைத்தேன், வாயால் ஊதினேன். (அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த மிக உயர்ந்த வைத்தியம் ஊதுவதுதான்.) ஒன்றும் நடக்கவில்லை. சந்திரன் தாலியைத் தூக்கிப் பிடித்த கையை மறு கையால் தாங்கிக்கொண்டார். பத்மா குனிந்த தலையோடு கண்ணை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தாள். கல்யாணப் பெண் அப்படிப் பார்க்கக் கூடாது.

செட்தான் போய்விட்டதோ என்று நேற்றைய பாட்டுக் கேசட்டைப் போட்டேன். வயலின் ஜம்மென்று கிளம்பியது. உடனே சபையில் தீர்ப்பு வந்துவிட்டது.

"பொட்டி நல்லாத்தான் இருக்கு. கேசட்லதான் கோளாறு."

"யாரு இதுல மஞ்சளத் தடவுனது? மஞ்சத்தூளு உள்ள போனா எப்படிப் பேசும்?"

அந்தோணி என் காதருகில் குனிந்தான். "மச்சான், இந்தப் பாட்டுலயும் பாடுறவரு இல்லியே..."

அவன் காலை மிதித்தேன். அந்த ஒரு நொடியில் எனக்கு விஷயம் புரியத் தொடங்கியிருந்தது. முழுதாக இல்லை, பாதிதான். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "ஆமா, மஞ்சள் உள்ள போயிருக்கும்போல" என்றேன்.

அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். மஞ்சள் படிந்த விரல்கள். அவர் முகம் போன போக்கை இன்றும் என்னால் நினைக்க முடியவில்லை. அண்ணன் கடல் தாண்டி அனுப்பிய குரலைத் தானே அழித்துவிட்டதாக நம்பினார். நான் அதை மாற்றிச் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் கெட்டிக்காரனாக இருப்பது எனக்கு அன்றைக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது.

"நேரம் போகுதும்மா" என்றார் பூசாரி. "மாமன் சொல்லாமலே கட்டிருவோமா?"

அம்மா கையைக் காட்டி அந்தக் கேசட்டையே மறுபடி போடச் சொன்னார். போட்டேன். உஸ்ஸ். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாப்பிள்ளை பக்கத்திலிருந்த பெட்டிக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். காதைப் பெட்டியின் துணிமேல் வைத்தார். கண்ணை மூடினார். சஞ்சிகையில் பார்த்த வெள்ளைக்காரர் முகத்தில்கூட அப்படியொரு கவனம் இல்லை.

"பேசுது!" என்றார். "அண்ணன் பேசுது! சத்தம் கம்மியாத்தான் வருது. எல்லாரும் சும்மா இருங்க."

மண்டபம் அடங்கியது. அம்மா காதை எடுக்காமலே ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"எங்க அண்ணன் சொல்லுது, எல்லாரும் வந்தது சந்தோஷமாம்."

சபையில் ஒரு முனகல் எழுந்தது. பெரியவர்கள் சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"அண்ணன் சொல்லுது, மாப்பிள்ள குடிக்கக் கூடாதாம்."

சந்திரன் நிமிர்ந்து பார்த்தார். என் அப்பா, சம்பள நாளில் வீட்டுக்கு நேராக வராத பழக்கமுடையவர், அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

"ஒரு சொட்டுக்கூடக் கூடாதாம். சரியா மாப்பிள்ள?"

"சரிங்க" என்றார் சந்திரன் பெட்டியைப் பார்த்து.

"பத்மாவ மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பக் கூடாதாம். விட்டுப்போன பரீட்சைய எழுத வைக்கணுமாம். படிச்ச புள்ளையாம்."

"சரிங்க."

"தலைத் தீவாளிக்கு ரெண்டு கிழம அம்மா வீட்டுல தங்க விடணுமாம்."

"மாமா வெவரமாத்தான் பேசுறாரு" என்று கொட்டகலைப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சந்திரன் அதற்கும் சரியென்றார். கையிலிருந்த தாலியை எப்படியாவது கட்டிவிட வேண்டும் என்ற நிலையில் அவர் இருந்தார். மூன்று வாரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.

அம்மா கண்ணைத் திறந்தார். கன்னம் நனைந்திருந்தது.

"கட்டச் சொல்லுது. கட்டுங்க" என்றார்.

மேளம் முழங்கியது. தாலி ஏறியது. நான் சத்தத்தைக் குறைக்க மறந்ததால், மேளத்துக்குள்ளும் அந்த மழை பெய்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் பத்மாவை லொறியில் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தோம். அந்தோணி தன் வீட்டிலிருந்து ஒற்றை ஸ்பீக்கர் வைத்த சின்னக் கேசட் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். எனக்கு அதை எதிர்கொள்ளப் பயம். அம்மாதான் கேசட்டைப் போடச் சொன்னார்.

மாமா தொண்டையைச் செருமினார். அவ்வளவு தெளிவாக, அந்த அறையிலேயே இருப்பது போலச் செருமினார்.

"தம்பி, நீதான் பொட்டிய போடுவேன்னு எனக்குத் தெரியும். சத்தத்த ரொம்ப வைக்காத, காது வலிக்கும்" என்றார். அதுதான் அவருடைய முதல் வார்த்தை. பிறகு எங்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரித்தார். லயத்து நாய்வரை விசாரித்தார். "இங்க குளிரே இல்ல. போத்திக்க ஒன்னும் வேணாம். போத்தாம படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது" என்றார். பிறகு சொன்னார்: "பத்மா, ஆயி, நல்லா இரு. எனக்காகக் காத்துக்கிட்டு நல்ல நேரத்த விட்டுறாதீங்க. நேரத்தோட கட்டிப்புடுங்க."

அவ்வளவுதான். குடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பரீட்சை இல்லை, தீபாவளி இல்லை. காத்திருக்க வேண்டாம் என்று சொன்ன மனிதரின் குரலுக்காகத்தான் ஒரு மண்டபமே கால் மணி நேரம் காத்திருந்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். "அம்மா, கோயில்ல உங்களுக்கு எதாச்சும் கேட்டுச்சா?"

"ஒரு மண்ணும் கேக்கல. மழ பேஞ்ச மாதிரி இருந்துச்சு."

"அப்ப நீங்க சொன்னதெல்லாம்?"

"ஏன், எங்க அண்ணன் என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். உடனே என்னை ஒரு பார்வை பார்த்தார். "அது கெடக்கட்டும். இந்தச் சின்னப் பொட்டியில மட்டும் மஞ்ச ஒன்னும் பண்ணலயா?"

எனக்கு ஓடி ஒளிய இடமில்லை. அந்தோணி செருப்பைத் தேடத் தொடங்கினான். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நாலும் நாலும் எட்டு என்றெல்லாம் சொல்லி அழாத குறை. அம்மா திட்டவில்லை, அடிக்கவில்லை.

"நீ கம்பிய மாத்திக் கட்டுனத நான் சொல்லல. நான் மாத்திச் சொன்னத நீ சொல்லாத" என்றார். அத்தோடு எழுந்து அடுப்பு மூட்டப் போய்விட்டார். அரசாங்கங்கள் செய்த ஒப்பந்தத்தைவிட எங்களுடைய ஒப்பந்தம் ஒழுங்காக நடந்தது. அம்மா இருக்கும்வரை இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை மீறவில்லை.

ஏழாம் பாடம் கல்யாணமெல்லாம் முடிந்த பிறகு, மாசி மாதம் வந்தது. உறையில் வேறு ஏதோ தோட்டத்தின் தபால் முத்திரையும் இருந்தது, எங்கெங்கோ சுற்றி வந்திருக்கிறது. அதில் என் இணைப்பை அப்படியே படமாகப் போட்டு மேலே பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். ஸ்டீரியோ செட்டின் இரண்டு சிவப்புகளுக்கும் நடுவில் ஸ்பீக்கரைக் கட்டினால், இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வேறுபடுகிற சத்தம் மட்டும்தான் வெளியே வரும். இரண்டுக்கும் பொதுவானது உள்ளேயே அழிந்துவிடும். பாட்டில் வாத்தியங்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும், அதனால் கேட்டன. பாடுகிறவர் நடுவில் நிற்பார், அதனால் மறைந்தார். மாமா பேசியது ஒற்றை மைக்கில். அவர் குரல் இரண்டு பக்கத்துக்கும் சரிசமமானது, அதனால் ஒன்றுமில்லாமல் போனது.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்ததால் ஒரு மனிதரின் சத்தம் இல்லாமல் போவதை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன், ஹட்டன் ஸ்டேஷனில்.

சரியான பொருத்தத்தையும் அதிலேயே சொல்லியிருந்தார்கள். இரண்டு ஸ்பீக்கரைக் கோர்த்து இடப்பக்கத்தின் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில். மற்ற இரண்டையும் அதேபோல வலப்பக்கத்துக்கு. அப்போதும் நாலும் நாலும் எட்டுத்தான். துரை பெட்டியையும் பஸ் பெட்டியையும் ஒன்றாகக் கட்டினேன். ஒன்று முழங்கியது, ஒன்று முனகியது, ஆனாலும் பாடுகிறவர் நடு வீட்டில் வந்து நின்றார். வேறு வேறு வீட்டுப் பெட்டிகள் சேர்ந்து வாழ்வதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

வருடங்கள் போயின. சந்திரன் குடிக்கவில்லை. கொட்டகலையில் எத்தனையோ கல்யாணம், திருவிழா, சாவு வீடு. யார் வற்புறுத்தினாலும் "பத்மாவோட மாமாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்று விலகிவிடுவார். பத்மா இரண்டாவது தடவையில் பரீட்சை பாஸ் பண்ணி, ஒரு பாடசாலையில் ஆசிரியை ஆனாள். மாமா திரும்பி வராமலே அங்கே காலமானார். பிறகு அம்மாவும் போனார்.

அம்மா காரியம் முடிந்து சில மாதங்கள் கழித்துச் சந்திரனும் பத்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எனக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. சொல்லாத வாக்குக்கு ஒரு மனிதர் கட்டுப்பட்டு இருக்கிறாரே என்று. மாமாவின் கேசட்டை எடுத்து அந்த நாலு பெட்டியிலும் போட்டேன். மாமா நடு வீட்டில் நின்று பேசினார். காது வலிக்கும் என்றார், நாயை விசாரித்தார், நேரத்தோடு கட்டச் சொன்னார், முடித்தார். பத்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீர் வைக்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

"மச்சான், மாமா குடியப் பத்தி ஒன்னுமே சொல்லல. அது அம்மா சொன்னது. மஞ்சள் மேலயும் தப்பில்ல. நான்தான் கம்பிய மாத்திக் கட்டிட்டேன்" என்றேன்.

சந்திரன் சிரித்தார். "அன்னைக்கே தெரியும் மச்சான். பொட்டி என் முழங்கையில இடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுல மழச் சத்தத்தத் தவிர ஒன்னும் வரல."

"அப்பறம் ஏன் சரி சரின்னீங்க?"

"அத்த முட்டி போட்டு ஒக்காந்து, பொட்டில காத வச்சுக்கிட்டுக் கேட்டாங்க. கண்ணு பூரா தண்ணி. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

இத்தனை வருடமும் அவர் காத்த வாக்கு மாமாவுக்குக் கொடுத்ததல்ல, அம்மாவுக்குக் கொடுத்தது. அது அம்மாவுக்கு மட்டும் தெரியாது. ஒருவேளை தெரிந்தும் இருக்கலாம்.

இன்று எங்கள் குடும்பத்தில் சின்னப் பிள்ளைகள்வரை செய்கிற வேடிக்கையை அன்றைக்கு முதலில் தொடங்கிவைத்தவர் சந்திரன்தான். எழுந்து போய்த் துரை பெட்டிக்கு முன்னால் முழங்கால் போட்டார். காதைத் துணிமேல் வைத்துக் கண்ணை மூடினார்.

"மச்சான், ஒங்க மாமா பேசுறாரு" என்றார். "இத்தன வருசம் இருந்தது போதுமாம். இன்னைக்கு ஒரு கிளாஸ் எடுத்துக்கலாமாம்."

குசினியிலிருந்து பத்மா வந்தாள். மற்றப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து காதை வைத்தாள்.

"இதுல அம்மா பேசுறாங்க" என்றாள். "வேணாங்கிறாங்க."

அன்றைக்கும் மச்சான் பிளேன்டீதான் குடித்தார்.